கேட் கேமராவின் கடிகாரம்

"விட்டுடு. சீக்கிரம் கிளம்பிட்டேன்னு நான்தான் ஒத்துக்கிட்டேனே" என்றான் கணவன், சுவரைப் பார்த்தபடி.

அவளால் எப்படி விட முடியும்? ஒரே குளிர்பதனக் கிடங்கில்தான் இருவருக்கும் வேலை. அவன் ஷிப்ட் சூப்பர்வைசர், அவள் நெட்வொர்க் பிரிவு. போன வாரம் உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்ட லோடுமேன் ஒருவன், அவசர மணியை அழுத்தி அழுத்தி ஓய்ந்து, விறைத்துச் செத்துப்போனான். மணி அடித்தது ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. ஷிப்ட் முடிவது ஆறுக்கு. கேட் கேமராவோ, அவள் கணவன் மணி அடிக்கும் முன்பே, ஐந்தே முக்காலுக்கே, வெளியேறிவிட்டதாகக் காட்டியது. கதவைத் திறக்க வேண்டியவன் பாதியில் ஓடிவிட்டான் என்று ஆளாளுக்குக் காறித் துப்பினார்கள். எந்நேரமும் வேலை போகலாம்.

"நம்ம கல்யாணத்துக்கே ஷிப்ட் முடிச்சுட்டு வந்த ஆள் நீங்க. நீங்களா பாதியில கிளம்புவீங்க?" என்றாள்.

அந்தக் கேமராவைத் தோண்டாதே என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். செத்தவனை நினைத்து மனுஷன் இடிந்துபோய்விட்டார், பழியைத் தானே தலையில் போட்டுக்கொள்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கருவி கருவியாக உட்கார்ந்து பார்த்தாள். கிடங்கில் இருக்கும் அத்தனை கருவிகளும் தலைமைக் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கேட் கேமராவை மட்டும், மாட்டியவன் எவனோ ஒரு சோம்பேறி, அந்த இணைப்பில் சேர்க்காமலேயே போயிருந்தான். அது தன்பாட்டுக்கு ஓடி, கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

விசாரணை அறையில் கணவனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டினாள்.

"அவர் வெளியே போனது சரியா ஆறு மணிக்கு சார். ஒரு நிமிஷம்கூட முன்னால இல்லை. ஒரு நல்ல மனுஷன் மேல அநியாயமா பழி போட்டுட்டீங்க."

அதிகாரி திரையில் மணி அடித்த நேரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவள் கணவன் பக்கம் திரும்பினார்.

"அப்போ அவன் மணி அடிச்சப்ப நீங்க உள்ளேதான் இருந்திருக்கீங்க."

அவள் சிரித்தபடியே திரும்பினாள். கணவன் தலையைத் தூக்கவில்லை.

"கிளம்புற நேரம் சார். அடுத்த ஷிப்ட்காரன் வந்து திறந்துக்குவான்னு விட்டுட்டேன்."