ஒரே ஒரு ஸ்கேன் முடிவு

டாக்டர் ஹோகன் மவுஸை மேசையில் ஓங்கித் தட்டினார். திரை அசையவில்லை. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்தச் சனியனை நம்ம தலையில கட்டினது நீதானே, சுன்னிவா? உன் செல்லப் பிள்ளை பண்ற கூத்தைப் பாரு!"

"கத்தாதே, வராந்தா வரைக்கும் கேட்குது." மேசைக்கு எதிரே, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த டாக்டர் சுன்னிவா சிரித்தார். "அது சுத்தி முடிக்கட்டும். அதுக்குள்ள வேற எதையாவது அமுக்கித் தொலைக்காதே."

நார்வேயின் மேற்குக் கரையில் இருந்த அந்த மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இருவரும் ஒன்றாகவே நரைத்தவர்கள். நோயாளிகளின் காகித ஃபைல்களை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவந்த குழுவுக்குத் தலைவி சுன்னிவாதான். அன்றிலிருந்து பிரிவில் யாருக்கு எரிச்சல் வந்தாலும் முதல் வசவு அவருக்குத்தான் விழும்.

ஹோகனுக்கோ அந்த எரிச்சல் தீரவே இல்லை. முன்பெல்லாம் ஃபைலை ஒரு புரட்டுப் புரட்டினால் ஒருவரின் நோய் முழுவதும் கண்முன் வந்து நிற்கும். இப்போது ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், ஸ்கேன் எங்கோ ஒரு மூலையில். தேடுகிற தேடலில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க நேரமில்லை.

"போன வாரம் ஒரு மீனவர் என்ன கேட்டார் தெரியுமா? 'ஏன் டாக்டர், புற்றுநோய் எனக்கா, உங்க கம்ப்யூட்டருக்கா?'ங்கறார்."

சுன்னிவா விழுந்து விழுந்து சிரித்தார். ஹோகன் சிரிக்கவில்லை.

இன்றைக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்கேன் முடிவு. கட்டி பரவாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். அந்த நம்பிக்கையோடு, வருகிற திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டரில் நேரம்கூடப் பிடித்து வைத்திருந்தார் ஹோகன். முடிவு காலையிலேயே வந்துவிட்டது என்கிறது கணினி. எங்கே வைத்திருக்கிறேன் என்பதைத்தான் சொல்ல மாட்டேன் என்கிறது.

வட்டம் நின்றது. சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது.

"எடையைப் போடணுமாம்! போட்டாத்தான் மேல விடுவேன்னு அடம் பிடிக்குது. ஸ்கேனைப் படிக்கிறதுக்கு எடை எதுக்குடா உனக்கு?"

"அறுபத்தொண்ணு" என்றார் சுன்னிவா.

ஹோகன் அதைத் தட்டினார். பெட்டி போய், அடுத்த பக்கம் வந்தது. அதிலும் ஸ்கேன் இல்லை.

"இடது பக்கம் 'படங்கள்'னு இருக்கும் பாரு. அதுல போகாதே, அதுக்குக் கீழே இருக்கிறதுல போ."

"கீழே ஒண்ணுமே இல்லையே!"

"இன்னும் கீழே. மவுஸை இப்படிக் கொடேன், நானே எடுத்துடறேன்."

"நீ தொடாதே. நான் எடுக்கறேன்."

"வீம்பு! இந்த வயசுலயும் உனக்குப் போகலை."

ஒரு வழியாக அறிக்கை திறந்தது. ஹோகன் படித்தார். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். அத்தனை நேரம் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. சுன்னிவா அதை எட்டிப் பார்க்கவில்லை. ஹோகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லீரலா?"

ஹோகன் மெல்லத் தலையசைத்தார். "நுரையீரல்லயும் இருக்கு."

"அப்போ ஆபரேஷன்?"

"கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்ல."

"அந்தத் திங்கட்கிழமை நேரத்தை வேற யாருக்காவது கொடுத்துடு" என்றார் சுன்னிவா.

ஹோகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை நாளாகத் திட்டித் தீர்த்த அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிவது இன்று அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பக்கத்தை மூடப் பார்த்தார். அது மூடவில்லை. புதிதாக ஒரு கேள்வி வந்து நின்றது: 'முடிவு நோயாளியிடம் தெரிவிக்கப்பட்டதா? ஆம் / இல்லை.'

'இல்லை'யை அமுக்கினார். காரணத்தை எழுதச் சொன்னது. எழுதாமல் மூடப் பார்த்தார். மறுபடியும் அதே கேள்வி. இன்னொரு முறை அமுக்கினார். மறுபடியும் அதே.

"அறிவு கெட்ட மிஷின்! இதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" ஹோகனின் குரல் உடைந்தது. "என்னன்னு காரணம் எழுதுவேன்? எந்த வாயால சொல்லுவேன், சுன்னிவா? நேத்துகூட எங்கேயும் பரவியிருக்காதுன்னு தைரியம் சொன்னேனே!"

மவுஸின் மேலிருந்த அவர் கையை, சுன்னிவா எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்னு போடு, ஹோகன். அதான் என்கிட்ட சொல்லிட்டியே."