நீலப் பலகை மாட்டிய கதவு

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஜெபக் கூட்டத்து ரூபவதி அக்கா. என் கடைசி மகள் கல்யாணமாகிப் போன வாரம் அது.

ஒரு பழைய வீட்டை இடிக்க ஆட்கள் வந்தார்கள். அரசாங்கம் தடுத்துவிட்டது. புராதனக் கட்டடம் என்று பட்டியலில் சேர்த்து, குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டு, கதவில் நீலப் பலகை மாட்டியது.

“பொழச்சிட்டீங்க பெரியம்மா! இனிமே யாரும் உங்க மேல கை வைக்க முடியாது,” என்றது பலகை. கதவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெகுநாள் கழித்து ஒருத்தி தண்ணீர் கேட்கப் படியேறினாள். தட்டக் கையைத் தூக்கியவள், ‘தொடாதீர்கள்’ என்று பலகையில் படித்துவிட்டு இறங்கிப் போனாள்.

“பாத்தீங்களா என் அதிகாரத்தை?”

“பாத்தேன் ராசா. இடிக்க வந்தவனும் போயிட்டான், தண்ணி கேட்டு வந்தவளும் போயிட்டா.”

அப்படிப்பட்ட வீட்டைக் கடந்து போனால், தொட வேண்டாம், வாசலில் நின்று, “வீட்டுல யாருங்க?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள்.