நம்பிக்கை எட்டு

மெக்கானிக் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

நிஜச் சம்மட்டி இல்லை. கேமுக்குள், திரையில் நிற்கிற தடியன் கையில் இருந்தது. சோறு தண்ணி மறந்து வளர்த்த தடியன். ஓங்கி ஒன்று போட்டால் ஓநாய் தரையோடு தரையாகிவிடும்.

அந்த உலகத்தில் ஓர் இடிந்த கோயில், அதற்குள் ஒரு கல்தேவதை. அவள் காலடியில் மண்டியிட்டால், இதுவரை சேர்த்த புள்ளிகளையெல்லாம் கழற்றி வேறு மாதிரி மாட்டிக்கொள்ள விடுவாள். மெக்கானிக் பலத்திலிருந்து உருவினான். சுறுசுறுப்பிலிருந்து உருவினான். அத்தனையையும் கொண்டுபோய் ‘நம்பிக்கை’ என்ற கட்டத்தில் கொட்டினான்.

கேமைத் தமிழாக்கிய புண்ணியவான் அந்தக் கட்டத்துக்கு ‘பக்தி’ என்று பேர் வைத்திருக்கலாம். வைத்துத் தொலைக்கவில்லை.

“மாமா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாமிய நம்பி எவனாவது சண்டைக்குப் போவானா?”

உலகத்தில் பாதிச் சண்டை அப்படித்தான் நடக்கிறது. அதையெல்லாம் மச்சினனுக்கு எடுத்துச் சொல்லும் நிலையில் மெக்கானிக் இல்லை.

மச்சினன் வந்த வேலையே வேறு. அக்காவின் கருவிப்பெட்டியை எடுத்துப்போக வந்தவன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பிரேம் வளைக்கிற குறடு, கடுகளவு திருகாணிகள், அதற்கேற்ற பொடி ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதற்குள் இருந்தன. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோதே துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பெட்டியும் போய்விட்டால் அவளுடையது என்று சொல்ல வீட்டில் ஒன்றுமில்லை. வாசற்படியருகே அது தயாராக இருந்தது.

மச்சினனுக்குக் கிளம்புகிற அவசரம் இல்லை. அக்கா வந்ததிலிருந்து அங்கே அவனுடைய கேம் மெஷின் பக்கம் அவனால் நெருங்கவே முடியவில்லையாம். யார் மேலோ இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் அதில்தான் தீர்த்துக்கொள்கிறாளாம்.

என்ன சண்டை என்று மாமியார் கேட்டுப் பார்த்தார். மாமனார் கேட்டுப் பார்த்தார். மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அவளும் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவாள்.

பலம் போனதும் தடியனால் சம்மட்டியை அசைக்கக்கூட முடியவில்லை. ஒரு சின்னத் தண்டாயுதத்தைக் கையில் கொடுத்தான். நம்பிக்கை ஏறிய கைக்கு மட்டும் அது பொன்னாக ஒளிருமாம். ஒளிர்ந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்து மோத வேண்டிய மூன்றுதலைப் பூதம் லட்சணத்தைப் பார்த்து அடிக்கிற ரகம் இல்லை. வேண்டுதல் பலிக்க வேண்டுமானால் தடியன் கேடயத்தை இறக்கி, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்ப வேண்டும். கூப்பினான். பூதம் மொத்தியது. செத்து எழுந்து வந்து மறுபடி கூப்பினான். மூன்று தலையும் முறை வைத்து மொத்தின.

நிஜத்தில் மெக்கானிக் கை கூப்பி யாரும் பார்த்ததில்லை. சாமிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோயிலில் ஏசி ரிப்பேர் என்று கூப்பிட்டால்கூட நேரே ஏசியிடம் போவான், கழற்றுவான், மாட்டுவான், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். இன்றைக்கு அவன் உதடு தானாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மச்சினன் அந்த வேண்டுதலின் விளக்கத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“இது உங்க காயத்த ஆத்தாது மாமா. பக்கத்துல நிக்கிறவங்க காயத்தத்தான் ஆத்தும். உங்க பக்கத்துல யாரு இருக்கா?”

பூதத்தின் கதவுக்கு வெளியே வேறு வீடுகளில் இதே கேமை ஆடுகிறவர்களைத் துணைக்குக் கூப்பிடுகிற மணி ஒன்று தொங்கும். தடியனை நடத்திக்கொண்டு போய் அதை அடித்தான்.

யாரும் வரவில்லை.

இன்னொரு தடவை அடித்தான். மச்சினன் சலித்துப்போய் எழுந்து, செருப்பை மாட்டி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

அப்போதுதான் திரையில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒல்லியாக ஒரு வில்லாளி வந்து நின்றாள். கவசம், அம்பறாத்தூணி, முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடி. அந்த உலகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு சண்டைக்கு வருகிற ஒரே ஜீவன்.

“இது அக்கா ஆளாச்சே!” மச்சினன் வாயைப் பிளந்தான்.

வில்லாளி வில்லைத் தொடவில்லை. தடியனைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்தாள். அவன் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்த தண்டாயுதத்துக்கு நேரே நின்றுவிட்டாள்.

மெக்கானிக்கின் போன் அதிர்ந்தது.

‘இப்ப எவ்வளவு?’

“எது எவ்வளவு?” என்றான் மச்சினன், எட்டிப் பார்த்து.

கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு அவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பேசினாள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை போடட்டுமா, தன்னால் முடியுமா, அவன் என்ன நினைக்கிறான் என்றெல்லாம் கேட்டாள். அவன் ம் கொட்டிக்கொண்டே ஓநாய் அடித்தான். கடைசியில் அவள் குரலை இறக்கி, எம்மேல உனக்கு நம்பிக்கை எவ்வளவு இருக்கு என்று கேட்டாள். அவன் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

தடியனின் நம்பிக்கைக் கட்டத்தில் இருந்ததைப் பார்த்து, எட்டு என்று சொன்னான். அதுவே தண்டம் என்றும் சொன்னான்.

இப்போது போனில் தட்டினான்: ‘தொண்ணூத்தொம்பது. அதுக்கு மேல போட விடமாட்டேங்குது.’

வில்லாளி அம்பைப் பூட்டிக்கொண்டு பூதத்தின் கதவைக் காலால் எட்டி உதைத்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது.

‘தம்பிய வெறுங்கையோட அனுப்பு.’