ராஜையனின் மொட்டை

"திருச்செந்தூர்ல கூட்டம் எப்பிடிவே?"

ஆராதனை முடிந்து வெளியே வந்த ராஜையனை சர்ச் வாசலிலேயே மறித்துக் கேட்டார் ஞானதாசன். கேள்வி ஒருவருக்குத்தான், காது கொடுத்தது சபை முழுவதும்.

ராஜையனின் தலையில் மருந்துக்கும் ஒரு முடி இல்லை. வெயில் அதில் பட்டுத் தெறித்ததில், படிக்கட்டில் நின்ற பாடகர் குழு மொத்தமும் கண்ணைப் பொத்திக்கொண்டது.

"தலைக்கு நல்ல காத்தோட்டம்வே," என்று மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு ராஜையன் நடையைக் கட்டினார்.

ஞானதாசனுக்கு அது போதும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் தேர்தல். நிற்பது அவரும் ராஜையனும்தான். ராஜையன்தான் ஜெயிப்பார் என்பது மணியடிக்கும் செல்வதாசுக்குக்கூடத் தெரியும். ஆனால், முருகனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவருக்குச் சபையில் யார் ஓட்டுப் போடுவார்?

செய்தி திற்பரப்பைத் தாண்டும்போது ராஜையன் அலகு குத்தியிருந்தார். பேச்சிப்பாறை போய்ச் சேர்வதற்குள் காவடியும் எடுத்துவிட்டார்.

ஊரை வென்ற ஞானதாசனுக்கு வீட்டில் ஒரு தோல்வி இருந்தது. அதன் பெயர் பிரின்ஸ். வெள்ளைச் சடை நாய். குரைத்தால்தான் முகம் எந்தப் பக்கம் என்று தெரியும். அதன் முடியை வெட்டத் துபாயிலிருந்து மகன் எட்சன் ஒரு மிஷின் அனுப்பியிருந்தான். அதை 'ர்ர்ர்' என்று ஓடவிட்டால் போதும், ஆரல்வாய்மொழிக் காற்றாலை அத்தனையும் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் பிரின்ஸ் கட்டிலுக்கடியில் பாய்ந்துவிடும்.

"புட்டுல தேங்காப்பூ எது, நாய்முடி எதுண்ணு தெரியல்ல," என்றாள் மனைவி நேசம்மாள். "ஒண்ணு இந்தப் பட்டிக்க முடி போகணும், இல்லெங்கி நான் எனக்க தம்பி வீட்டுக்குப் போகணும்."

ஞானதாசன் யோசித்தார். அவர் யோசித்தது நேசம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், ராஜையன் வாயாலேயே உண்மையைக் கறந்துவிடுவது என்று கிளம்பினார். சட்டைப் பையில் போன் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருந்தது.

ராஜையன் கார் ஷெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே விரித்த வெள்ளைத் துணி, ஒரு சின்னப் பிரஷ், எண்ணெய்க் குப்பி. பளபளக்கும் தலையைக் குனிந்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பூசையேதான் என்று ஞானதாசனின் நெஞ்சு துள்ளியது. எட்டிப் பார்த்தால், துணிமேல் இருந்தது நாய்முடி வெட்டும் மிஷின்.

அருகில் ராஜையனின் நாய் ராக்கி. போன மாதம் வரை பிரின்ஸுக்குச் சளைக்காத சடை. இப்போது பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

வந்த காரியம் ஞானதாசனுக்கு மறந்தே போயிற்று. "எந்தக் கடையில வெட்டினீரு?"

"கடையா? நாந்தான்."

"எப்பிடிவே?"

"முதல்ல சிக்கெடுக்கணும். சிக்கோட வச்சா மிஷின் கடிச்சிரும்," என்றபடி ராஜையன் பிளேடு இடுக்கிலிருந்த முடியைப் பிரஷால் தட்டினார். "வெட்டி முடிச்சா இதத் தூத்தெடுத்து ரெண்டு சொட்டு எண்ண விட்டு ஓட்டணும். எண்ண காணாத்த மிஷின் சுடும். ஒருக்க சுட்டா நாய் பின்ன ஆயுசுக்கும் கிட்ட வராது."

"சுடுகுதாண்ணு எப்பிடித் தெரியும்?"

"உமக்க கையில வச்சுப் பாரும். நாய்க்க வயித்துலயா வச்சுப் பாப்பீரு?"

ஞானதாசன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "எல்லாம் சரிவே. எனக்க வீட்டு நாய்ச்சவம் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போயிருதே."

"ராக்கியும் அப்பிடித்தான் கிடந்தான். நாய்க்கு வாயால சொன்னா மனசிலாவாது. பயப்பட ஒண்ணும் இல்லண்ணு அது கண்ணால பாக்கணும். நீருதான் ஓட்டிக் காட்டணும்."

"காட்டினா?"

"தன்னால வந்து மடியில கிடக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடும்," என்று ராஜையன் பிளேடின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பை எடுத்துக் காட்டினார். "இத மாட்ட மறந்திராதேயும். மறந்தா போச்சு." சொல்லிவிட்டுத் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

கேட் வரை போனபிறகுதான் ஞானதாசனுக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. "ஆமா, மொட்ட எந்தக் கோயில்ல போட்டீரு?"

"நாய முதல்ல வெட்டும். பொறவு நீரே சொல்லுவீரு."

அன்று சாயங்காலம் ஞானதாசன் வீட்டில் மிஷின் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. இருட்டுவதற்குள், பிரின்ஸுக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் சர்ச்சுக்கு நேசம்மாள்தான் முதலில் வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஞானதாசன். மே மாத வெயிலில், காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லா.

"காய்ச்சல்," என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே கடைசி பெஞ்சில் போய் ஒண்டினார். அதற்கு நேர் முன் பெஞ்சில் ராஜையன்.

"ஜெபிப்போம்," என்றார் போதகர். தலையை மூடிக்கொண்டு ஆண்கள் ஜெபிக்கக் கூடாது. ஞானதாசன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குல்லாவைக் கழற்றினார்.

ராஜையன் மெல்லத் திரும்பினார்.

"திருச்செந்தூர்ல கூட்டம் எப்பிடிவே?"