ஐந்து நாள் தாமதம்

"தள்ளுபடி" என்றார் தீர்ப்பாய உறுப்பினர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மேல்முறையீடு ஐந்து நாள் தாமதமாம். போட்ட வரி சரியா, தப்பா என்ற பேச்சே எழவில்லை. அதற்குள் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டாயிற்று.

அவள் கோப்பை அடித்து மூடினாள். அந்தச் சத்தத்துக்கும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் அரசு வழக்கறிஞர் வழிமறித்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, அவள் வரித்துறை வேலையை விட்டுத் தனியாக வக்கீல் தொழில் தொடங்கும்வரை, அவளுக்கு ஜூனியராக இருந்தவன்.

"கோச்சுக்காதீங்கக்கா. ஒரு நாள் லேட்டுன்னாலும் லேட்டுதான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

"நான் சொல்லிக்குடுத்ததுல இது ஒண்ணையாவது ஒழுங்கா புடிச்சுக்கிட்டியே. போ, அடுத்த கழுத்து காத்துக்கிட்டிருக்கு, போய் அறு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு வருடம் அவளும் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அரசு மூன்று மாதம் தாமதமாக வந்து நின்றாலும், 'கோப்பு பல மேசைகளைக் கடந்து வர வேண்டியிருந்தது' என்று ஒரு வரி போதும், மன்னித்துவிடுவார்கள். அந்த வரியைப் புதிதாக அடிக்கக்கூட வேண்டாம். எல்லா மனுவிலும் தயாராக இருக்கும்.

அட்டைப்பெட்டி செய்கிறவனிடம் எத்தனை மேசை இருக்கும்? ஒன்று. அதன் மேலும் பசை வாளி.

அந்த அட்டைப்பெட்டிக்காரர், அவளுடைய அக்கா புருஷன், நடைக்கூட பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடுமோ என்று சாயாமலே இருந்தார்.

"என்னம்மா, ஏத்துக்கிட்டாங்களா?"

"இல்ல அத்தான். முடிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை மெஷினையெல்லாம் ஜப்தி பண்ண வருவாங்க."

அவர் வாய் ஏதோ எண்ணுவதுபோல் அசைந்தது. பட்டறையின் பதினோரு ஆட்களையா, இயந்திரங்களையா, அவளுக்குத் தெரியவில்லை.

"என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார் கடைசியில். "ஏழு நாள் அந்த வரி ஆர்டரை டிராயர்ல போட்டு வச்சிருந்தேன் பாரு. உங்க அக்கா தலதலயா அடிச்சுக்கிட்டா."

அதுவரை எங்கே இறக்குவது என்று தெரியாமல் சுமந்து வந்த கோபம் முழுவதையும் அவள் அங்கே இறக்கினாள்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அத்தான்? வரி ஆபீஸ்லருந்து துண்டுச் சீட்டு வந்தாலும் அன்னிக்கே கொண்டாங்கன்னு. டிராயர்ல வச்சு அடைகாக்க அது என்ன முட்டையா?"

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டாரா என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், எல்லாம் என்னாலதான்னு. நீ இதுல வந்து பேச்சு வாங்காத" என்றார்.

"சரி அத்தான்" என்றாள்.

மேல்முறையீட்டுக்குக் கெடு முப்பது நாள். உத்தரவு அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அது ஓடும். எட்டாம் நாள் அவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, இன்னும் இருபத்திரண்டு நாள் மிச்சம் இருந்தது.

அரசுத் தரப்பில் பன்னிரண்டு வருடப் பழக்கம். காகிதம் தன் மேசைக்கு வந்த தேதியை முதல் நாளாக வைத்து அவள் முப்பது எண்ணினாள். இரண்டு நாள் முன்னதாகவே தாக்கல் செய்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

தாமதம் என்று தீர்ப்பாயப் பதிவகம் திருப்பி அனுப்பிய அன்றே, தன் கணக்குத் தப்பியது அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று மாலையே, தாமதத்தை மன்னிக்கக் கோரி, அவர் பெயரில் பிரமாணப் பத்திரம் எழுதினாள். 'இத்தாமதம் முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்ற வரிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினாள்.

அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.