தக்காளித் தோட்டத்தில் ஒரு சொற்பொழிவு

பிறவிக் குறை உள்ளவர்கள் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்று புத்தகம் எழுதி, ஓசூரில் பாதிப் பேரிடம் திட்டு வாங்கியவன் நான். மீதிப் பேர் படிக்கவில்லை.

வீட்டில் மட்டும் எழுத்தாளனுக்கு மரியாதை உண்டு. என் சட்டையை மனைவி பவளம்தான் எடுத்து வைப்பாள். காய்கறி வாங்க என்னை அனுப்பவே மாட்டாள். பைக்கில் போனால், சிக்னலில் பின்னாலிருந்து "நில்லுங்க", "இப்ப போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

மகன் ஸ்ரீராமுக்குப் பெண் பார்க்கத் தளிக்குப் போனோம். கம்பெனி பஸ்ஸில் பார்த்து அவனுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன வினோதாதான் பெண். இருந்தாலும் நான் விடுவேனா?

"உங்க பரம்பரையில சர்க்கரை, காக்காவலிப்பு, மாறுகண்ணு ஏதாவது உண்டுங்களா?" என்று பெண்ணின் அப்பா வெங்கடப்பனைக் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார், முகம் சுருங்க. ஸ்ரீராம் தலையைக் குனிந்துகொண்டான்.

விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று தோன்றியது. வீட்டையொட்டி இருந்த தோட்டத்தில் இறங்கி, நாலைந்து தக்காளி பறித்துவந்து நீட்டினேன்.

"வித்து நல்லா இருந்தா பழம் எப்படிச் சிவந்திருக்கு, பாருங்க. மனுஷனும் இப்படித்தான்."

வினோதா மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், அது அத்தனையும் பச்சைக் காய்."

நான் பவளத்தைப் பார்த்தேன். அவள் வெங்கடப்பனைப் பார்த்தாள்.

"இவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாங்க. பிறவியிலேயே அப்படி. கல்யாணமான வாரமே நான் கண்டுபிடிச்சிட்டேன். இவருக்குத்தான் தெரியாது."

"அப்ப இவரு புக்குப்படி பார்த்தா..." என்று வெங்கடப்பன் இழுத்தார்.

"புக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க. நீங்க காபியக் குடிங்க."