ஒலிவ மரத்து ஏணி

தோட்டத்தில் நின்ற ஒலிவ மரத்தின் கிளையை வெட்டித்தான் அந்த வீட்டார் ஏணி செய்திருந்தார்கள். வருஷா வருஷம் அறுவடைக்குத் தாய்மரத்திடம் வரும் ஏணி, வந்ததும் அதிகாரம் பண்ணும்.

"அம்மா, கிளையைக் கொஞ்சம் தாழ்த்தேன். எங்க வீட்டுக்காரங்களுக்கு எட்டலை."

"எங்க வீட்டுக்காரங்களா? சரிதான்! நல்லா இருக்கியாம்மான்னு ஒரு வார்த்தை உண்டாடி?" என்றது மரம்.

ஏணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பால் அடித்தால் தளிர் ஒடியும் என்று, குடும்பமே மாறி மாறி ஏறி, ஒவ்வொரு காயாகக் கையால் பறித்து மடியில் போட்டுக்கொண்டது. கடைசியாக ஏறியவர் கனத்த சரீரமுள்ள மாமா. நடுப்படி சடக்கென்று விரிசல் விட்டது.

இறங்கிவந்து தடவிப் பார்த்தார். "இன்னும் தாங்கும். மறுபடி சத்தம் போட்டா, அதோ நேரா நிக்குதே சின்னக் கிளை, அதை வெட்டிப் புதுப்படி போட்டுடலாம்."

புதுப்படி என்றதும் ஏணிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அக்கா," என்றது சின்னக் கிளை.

மாமா மறுபடி ஏறினார். படியின் விரிசல் உள்ளே உள்ளே ஓடியது. ஏணி மூச்சுக் காட்டவில்லை. அன்று பொழுது சாயும்வரை அவர் ஏறினார், இறங்கினார். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

மரம் மெதுவாகக் கேட்டது: "ரொம்ப வலிக்குதாடி?"

ஏணி பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் வந்துவிடும்.